மூச்சுக்கு மலிவு, தொடைக்கு விலை: மட்டக்களப்பு ஓட்டக்காரர்களின் மலைப் பயிற்சி

மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரானுக்கு மேற்கே இருக்கிற குடும்பிமலையின் அடிவாரத்தில் முதல் தடவை பயிற்சி செய்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. களைப்பு இருந்தது, பசி இருந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில்தான் விஷயம் வெளிப்பட்டது. எங்கள் குழுவில் ஆக வேகமாக ஓடுகிற பொடியன், 10 கிலோமீற்றரை 36 நிமிடத்துக்குள் முடிக்கிறவன், மைதானத்துப் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, ஏணியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினான். “ஏறக்குள்ள ஒண்டும் இல்ல சேர். இறங்கக்குள்ளதான் தொடை ரெண்டும் கழண்டு போற மாதிரி இரிக்கு” என்றான்.

மலை ஓட்டத்தின் பாதிப் பாடம் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. மலை என்றதும் ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது இனாம் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிப்போனேன். இப்போது நினைப்பது வேறு. நம் கரையோர ஓட்டக்காரர்களிடம் குறைவாக இருப்பது ஏறும் பலம் இல்லை, இறங்கும் பழக்கம். ஏறும் பலத்தை ஊரிலிருந்தே பல வழிகளில் சம்பாதிக்கலாம். இறக்கத்துக்கு அப்படி மாற்று வழிகள் மிகக் குறைவு. மலைக்கு வான் பிடித்து, காசு செலவழித்து, விடியற்காலை எழும்பிப் போவதென்றால், அதற்காகத்தான் போக வேண்டும்.

எழுவான்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குச் சரிவு என்பதே அன்றாட அனுபவத்தில் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தட்டையான மணல் நிலம். கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் நகரத்தின் பெரிய ஏற்றம், அதுவும் ஒரு சில மீற்றர். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனாலும் வயல், குளம், மறுபடி வயல். தட்டை நிலம் ஓட்டக்காரருக்கு நல்ல விஷயங்களையும் தருகிறது. ஒரே சீரான வேகம், ஒரே சீரான மூச்சு, நீண்ட காலடி எட்டு. ஆனால் அந்தச் சீர்தான் மலையில் முதலில் உடைகிற பொருள்.

ஏன் இப்போது இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், ட்ரெயில் ஓட்டம் என்கிற விளையாட்டு வளர்ந்து நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. காடு, மலை, ஆற்றோரம் போன்ற இயற்கைப் பாதைகளில் ஓடுவது, தார்ப்பாதையோ கொங்கிரீட்டோ மொத்தத் தூரத்தில் கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது என்பது இதன் பொதுவான வரையறை. இதற்கான சர்வதேச அமைப்பு 2013இல் உருவானது. 2015இல் உலக தடகளச் சம்மேளனம் இதைத் தடகளத்தின் ஒரு பிரிவாக ஏற்றது. 2022 நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாயில் மலை ஓட்டத்துக்கும் ட்ரெயில் ஓட்டத்துக்கும் சேர்த்து உலக சாம்பியன் போட்டி நடந்தது. நம் நாட்டிலேயே கண்டி தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் நடைபாதை இருக்கிறது. மலையகத்துப் போட்டிகளுக்குப் போய்விட்டு வருகிற நம் பொடியன்கள் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: முன்பாதியில் முந்தினோம், பின்பாதியில் தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

முதலில் ஏற்றத்தின் கணக்கைப் பார்ப்போம், அது எளிது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடம்பை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 14 கிலோகலோரி வேலை செய்ய வேண்டும். தசை தனக்குள் எரிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. ஆகவே உண்மையான செலவு 56 கிலோகலோரிக்குக் கிட்ட. அதே ஆள் மட்டத் தரையில் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 60 கிலோகலோரி செலவழிப்பார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் ட்ரெயில் ஓட்ட உலகத்தில் 100 மீற்றர் ஏற்றத்தை ஒரு கிலோமீற்றராகக் கணக்கெடுக்கிறார்கள். 12 கிலோமீற்றர் தூரத்தில் 400 மீற்றர் ஏற்றம் இருந்தால் அதை 16 கிலோமீற்றர் ஓட்டமாக எண்ணித் தயாராக வேண்டும். 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் நடப்பவர்களுக்குச் சொன்ன விதியும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: 3 மைலுக்கு ஒரு மணித்தியாலம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணித்தியாலம். மீற்றருக்கு மாற்றினால் 100 மீற்றர் ஏற்றம் 800 மீற்றர் நடைக்குச் சமம்.

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பெரிய பிழை குறையும். தட்டை நிலத்துப் பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்த்து ஓடிப் பழகியவர்கள். கிலோமீற்றருக்கு 4 நிமிடம் என்று மனதில் பதிந்துவிட்டால், ஏற்றத்திலும் அதையே பிடிக்கப் பார்ப்பார்கள். நாலு நிமிடத்தில் மூச்சு முட்டும். மலையில் மணிக்கூடு வழிகாட்டாது, மூச்சுத்தான் வழிகாட்டும். ஒரு முழு வசனம் பேச முடிந்தால் அது இலேசான ஓட்டம். இரண்டு மூன்று சொல் மட்டும் வந்தால் கடினம். ஒரு சொல்லும் வரவில்லை என்றால் அளவு தாண்டிவிட்டது.

அப்புறம் நடை. செங்குத்தான இடத்தில் நடக்கச் சொன்னால் பொடியன்களுக்குப் பெரிய மானப் பிரச்சினை. “நடக்கிறதுக்கா சேர் இவ்வளவு தூரம் வந்த?” என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் காட்டியது ஓர் ஆய்வின் எண்களை. அல்பேர்ட்டோ மினெத்தியும் அவருடைய குழுவினரும் 2002இல் மலை ஓட்டக்காரர்களை ஓடுபொறியில் ஏற்றியும் இறக்கியும் ஒவ்வொரு மீற்றருக்கும் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார்கள். மட்டத் தரையில் ஓடுவதற்கு நடப்பதைப் போல இரண்டு மடங்கு செலவு. ஆனால் சரிவு ஏற ஏற அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. 100 மீற்றர் முன்னே போக 45 மீற்றர் மேலே ஏற வேண்டிய சரிவில், இரண்டுமே மட்டத் தரை ஓட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் சக்தி கேட்கின்றன. அங்கேயும் நடைதான் சற்று மலிவு. வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. உலகத்தின் முதல்தர மலை ஓட்டக்காரர்கள் செங்குத்தில் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் முன்னே சாய்ந்து, வேகமாக நடந்து ஏறுவது இதனால்தான். அது ஒரு தனித் திறமை, அதையும் பழக வேண்டும்.

அதே ஆய்வில்தான் நம் பொடியனின் தொடைக்கும் பதில் இருக்கிறது. இறக்கத்தில் ஓடும்போது சக்திச் செலவு குறைகிறது. 100க்கு 20 என்கிற சரிவில் அது ஆகக் குறைந்த இடத்துக்கு வருகிறது, மட்டத் தரை ஓட்டத்தில் ஏறக்குறைய பாதி. மூச்சு வாங்காது. நெஞ்சு அடிக்காது. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம் போல இருக்கும். அந்த நேரத்தில் தொடையின் முன்பக்கத் தசை வேறொரு கணக்கில் கடன்பட்டுக்கொண்டிருக்கிறது.

கிணற்றில் நிறைந்த வாளியை மேலே இழுப்பது ஒரு வேலை. அதே நிறைந்த வாளியைக் கயிற்றை விடாமல் மெல்ல மெல்லக் கீழே இறக்குவது வேறு வேலை. இரண்டாவதில் மூச்சு வாங்காது, உள்ளங்கை எரியும். ஏற்றத்தில் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்கும்போது, விழுகிற உடம்பைப் பிடித்து நிறுத்த, தசை நீண்டுகொண்டே பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீண்டபடி பாரம் தாங்கும்போது தசை நாரின் மிக நுண்ணிய கட்டமைப்பில் சிறு சிதைவுகள் ஏற்படுகின்றன. அந்த நேரத்தில் வலி தெரியாது. உடம்பு அதைச் சரிசெய்யத் தொடங்கும்போதுதான் வீக்கமும் நோவும் வரும், 24 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஞாயிறு ஓடி செவ்வாய் படியிறங்க முடியாமல் போனது அதனால்தான். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று மைதானங்களில் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஓரிரு மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும், செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காது.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை மறப்பதில்லை. ஒரு தடவை இப்படி அடிபட்டு ஆறிய தசைக்கு அடுத்த சில வாரங்களுக்கு ஒரு காப்பு இருக்கிறது. அதே இறக்கத்தை மறுபடி ஓடினால் நோவு நன்றாகக் குறையும். விஞ்ஞானிகள் பல தடவை சோதித்து உறுதிப்படுத்திய விஷயம் இது, நானும் கண்ணால் கண்டேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய் முதல் தடவையை விடக் கூடுதலாக இறங்கி ஓடினோம். அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் கம்பியைப் பிடிக்கவில்லை. இதிலிருந்து வருகிற நடைமுறைப் பாடம், முதல் தடவை மிகக் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான். நான் முதல் நாளே அளவுக்கு மீறிக் கொடுத்தேன், அது என் பிழை. நோவோடு சேர்த்துச் சிறுநீர் தேத்தண்ணீர்ச் சாயத்தில் போனாலோ, தொடை வீங்கி இறுகினாலோ, அது சாதாரணத் தசை நோவு இல்லை. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கக் கூடும்.

சரி, இதற்கெல்லாம் மலைக்குத்தான் போக வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. கிரானுக்கு அப்பால் வான் பிடித்துப் போய்வர ஆளுக்கு ஒரு தொகை வேண்டும், எல்லா வீட்டிலும் அது இருக்காது.

ஏற்றத்துக்கு நமக்குக் கடற்கரை இருக்கிறது. மணலில் ஓடுவது கடினம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆனால் எவ்வளவு கடினம் என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். காய்ந்த மணலில் ஓடக் கெட்டித் தரையைப் போல 1.6 மடங்கு சக்தி வேண்டும். கால் ஊன்றுகிற ஒவ்வொரு தடவையும் மணலைத் தள்ளுவதற்கே சக்தி போய்விடுகிறது. கெண்டைக்கால், பின்தொடை, நெஞ்சு எல்லாவற்றுக்கும் கல்லடிக் கடற்கரையின் உலர் மணல் நல்ல மிதமான ஏற்றத்துக்குச் சமம். ஆனால் அதே மணல் இறக்கத்துக்கு உதவாது. கால் விழுகிற வேகத்தை மணலே வாங்கிக்கொள்கிறது, தொடைக்குப் பிடித்து நிறுத்துகிற வேலை இல்லை. வெபர் மைதானத்தின் படிகளும் அப்படித்தான், ஏற நல்லது. இறங்கும்போது ஒரே அளவான, சமமான படிகள் கண்ணுக்கும் கணுக்காலுக்கும் எந்தப் பாடமும் சொல்லித்தருவதில்லை.

இறக்கத்துக்கு ஊரில் நான் கண்டுபிடித்த ஒரே நல்ல மாற்று குளக்கட்டு. படுவான்கரையில் குளத்துக்குப் பஞ்சமில்லை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, அதோடு பெயர் தெரியாத எத்தனையோ சிறு குளங்கள். கட்டிலிருந்து வயல் பக்கம் மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் இறங்குகிற சரிவுப் பாதை ஒன்று எப்படியும் இருக்கும். அதன் உயரம் நாலு மீற்றர் என்று வையுங்கள். 50 தடவை ஏறி இறங்கினால் 200 மீற்றர் ஏற்றமும் 200 மீற்றர் இறக்கமும் ஆகிவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. ஆனால் புல் பிடித்த கட்டுச் சரிவில் ஓடக் கூடாது. ஒரே இடத்தில் பல கால்கள் மிதித்தால் புல் போய், மாரியில் அந்த இடத்தில் மண் அரிக்கும். வண்டிப் பாதையில் மட்டும் ஓடுங்கள். தண்ணீர் திறந்துவிடுகிற துருசுப் பக்கம் கல் பாசி பிடித்து வழுக்கும், அங்கேயும் வேண்டாம்.

குளக்கட்டில் கிடைக்காதது இரண்டு. ஒன்று, நீளமான இறக்கம். நாலு மீற்றரில் வேகம் கூடுவதற்குள் தரை வந்துவிடும். இரண்டாவது, கரடுமுரடு. இந்த இரண்டுக்காகத்தான் குடும்பிமலைப் பக்கம் போகிறோம்.

கிரான் சந்தியிலிருந்து மேற்கே திரும்பிப் போகிற அந்தப் பாதையில், தூரத்திலேயே அது தெரியும். சமவெளிக்கு நடுவில் தனியாக எழும்பி நிற்கிற பாறை. முடிந்த குடும்பி போல இருப்பதால் குடும்பிமலை, சிங்களத்தில் தொப்பிகல, ஆங்கிலேயர் வைத்த பெயர் பரன்ஸ் கப். உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 530 மீற்றர். கிழக்கில் இப்படித் தனித்து நிற்கிற பாறைமலைகள் பல இருக்கின்றன. கிழக்கின் அடித்தளம் நைஸ் (gneiss) என்கிற மிகப் பழைய, கெட்டியான பாறை. சுற்றியிருந்த மென்மையான பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, கெட்டியானது மிஞ்சி நிற்கிறது. ஓட்டக்காரருக்கு இந்த மண்ணியல் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் காலுக்குக் கீழே வருவது அதுதான். அந்தப் பாறை சிதைந்து பருமனான மணலாகவும் சிறு கல்லாகவும் கெட்டி மண்ணின் மேல் பரவிக் கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல கிரவல் ரோட்டு. இறக்கத்தில் குதிக்காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தால் பயற்றம் மணிகளின் மேல் கால் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது போர் நடந்த மண். 2007 ஜூலை வரை இந்தக் காடுகளுக்குள் சண்டை நடந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்து, 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இப்போது அங்கே மரபுரிமைப் பூங்கா இருக்கிறது, மக்கள் குடும்பமாக வந்து போகிறார்கள். இருந்தாலும் எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு ஓர் அடியும் விலகுவதில்லை, துருப்பிடித்த எந்தப் பொருளையும் கையால் தொடுவதில்லை. சிறுநீர் கழிக்கப் போனாலும் இந்த விதி மாறாது. உச்சிப் பாறையைப் பயிற்சிக்கு எடுப்பதும் இல்லை. அது ஓடுகிற இடமில்லை. அடிவாரத்தைச் சுற்றியுள்ள பாதைகளும் மிதமான சரிவுகளும் எங்களுக்குப் போதும்.

யானை விஷயம் வேறு. ஓட்டக்காரருக்கு விருப்பமான நேரம் விடியற்காலை, யானைக்கும் அதுதான். இரவு முழுக்க வயல் ஓரத்தில் மேய்ந்துவிட்டு, விடிகிற நேரத்தில்தான் அவை காட்டுக்குத் திரும்பும். ஆகவே வெய்யிலுக்குப் பயந்து இருட்டோடு ஓடத் தொடங்கினால் யானையின் பாதையில் நாம் நிற்போம். யானைக்குப் பயந்து எட்டு மணிக்குத் தொடங்கினால் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது ஏறக்குறைய ஆறரையிலிருந்து ஒன்பதரை வரையான மூன்று மணித்தியாலம். அதற்குள்ளும் முதல் வேலை, அங்கே மாட்டுப் பட்டி வைத்திருக்கிற பட்டிக்காரர் ஒருவரைக் கண்டு கேட்பது. அவர் கையைக் காட்டிய பக்கம் மட்டும் ஓடுவோம். “அந்தப் பக்கம் போகாதங்க தம்பி, ராவு கொம்பன் நிண்ட” என்று அவர் சொன்ன ஒரு நாள், அரை மணித்தியாலம் வானுக்குள் இருந்துவிட்டு, திட்டத்தையே மாற்றினோம். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடுவது அங்கே கிடையாது. தனியாக ஓடுவது கிடையாது. யானை மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடும், முட்புதரை அது சுற்றிப் போகத் தேவையில்லை, நாம் சுற்றித்தான் போக வேண்டும்.

அந்த மூன்று மணித்தியாலத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்று சொல்கிறேன். முதல் 20 நிமிடம் மட்டமான பாதையில் மிக மெதுவான ஓட்டம். கணுக்காலைச் சுழற்றுவது, குதித்து நடப்பது போன்ற சில அசைவுகள். பிறகு ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை ஓடி ஏறக்கூடிய மிதமான சரிவில் ஆறு தடவை ஏற்றம், இரண்டு மூன்று சொல் பேசக்கூடிய அளவுக்கு. ஒவ்வொரு தடவையும் கீழே நடந்து வருவோம். அந்த நடை வீண் போவதில்லை, தொடை இறக்கத்துக்குப் பழகுகிற முதல் படி அது. அதன் பிறகு செங்குத்தான ஒரு துண்டில் கையைத் தொடையில் ஊன்றி நடந்து ஏறுகிற பயிற்சி, பத்து நிமிடம்.

பிறகுதான் இறக்கம். களைத்துப் போவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், களைத்த கால் எல்லாவற்றையும் பிழையாகப் பழகும். 100க்கு 5 அல்லது 8 அளவிலான இலேசான சரிவு, 30 வினாடி. முதல் நாள் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். தட்டை நிலத்துப் பிள்ளை எல்லாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். பயத்தில் பின்னுக்குச் சாய்வார்கள், எட்டை நீட்டிக் குதிக்காலால் நிறுத்துவார்கள். உடம்பு பின்னுக்குச் சாய்ந்தால் கால் முன்னுக்கு வழுக்கும், முழங்காலுக்கும் தொடைக்கும் அடி கூடும். எட்டைக் குறுக்க வேண்டும். கால் இடுப்புக்குக் கீழேயே விழ வேண்டும், சூடான மணலில் வெறுங்காலோடு ஓடுகிற மாதிரித் தட்டித் தட்டிப் போக வேண்டும். அந்த உவமையைச் சொன்னதும் கடற்கரைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். கையை உடம்போடு ஒட்டி வைக்காமல், வரம்பில் நடக்கிறவர்கள் விரிப்பது போல விரித்துச் சமநிலை பிடிக்கலாம். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, மூன்று நாலு அடி முன்னால் இருக்க வேண்டும். கால் வைக்கப்போகிற இடத்தைக் கண் முன்பே பார்த்துவிட்டால், கால் அந்த இடத்துக்கு வரும்போது மறுபடி பார்க்கத் தேவையில்லை. இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒரு பிள்ளை. ஓட்டத்தில் எப்போதும் பின்னுக்கு வருகிறவள், இறக்கத்தில் எல்லாரையும் விட இலேசாகப் போனாள். சிறு வயதிலிருந்து வயல் வரம்பில் சாப்பாட்டுச் சட்டி சுமந்து போய்ப் பழகியவள் என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக, காலம் இருந்தால், அரை மணித்தியாலம் மெதுவான சுற்று ஓட்டம். ஏற்றத்தில் நடை, இறக்கத்தில் அப்போது பழகியதைச் செய்து பார்ப்பது. ஒன்பதரைக்கு எல்லாரும் வானடியில்.

ஓர் உதாரணம் எனக்கு எப்போதும் நினைவில் வரும். நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர், தன் அயலிலேயே இருந்த இளைஞர்களைச் சேர்த்து, வைட்டாக்கரே மலைத்தொடரில் 35 கிலோமீற்றர் ஏற்ற இறக்கச் சுற்று ஒன்றை ஞாயிறு தோறும் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்களில் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பரி மகி மரதனில் வெண்கலம். 800 மீற்றர் ஓடுகிறவருக்கு மலை எதற்கு என்று அன்றைக்குப் பலர் கேட்டிருப்பார்கள். ட்ரெயில் போட்டிக்குப் போகாத, பாடசாலை 1,500 மீற்றர் ஓடுகிற பிள்ளைக்கும் மாதம் ஒரு மலைப் பயிற்சி வீண் போகாது என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். மலையில் ஓடினால் இரத்தம் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒட்சிசன் குறைந்த உயரத்தில் வாரக்கணக்கில் தங்கினால்தான் அந்த மாற்றம் வரும், அதுவும் 1,800 மீற்றருக்கு மேல் என்றால்தான் பேசலாம். நுவரெலியா ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கிறது. குடும்பிமலை இல்லை. குளிர்ச்சியும் அப்படித்தான், 1,000 மீற்றருக்கு 6.5 பாகை குறையும் என்ற கணக்கில் அதன் உச்சியிலேயே மூன்று பாகைதான் வித்தியாசம். வெய்யில் ஏறிய பாறை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிற மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் வியர்வை தோலில் நிற்காமலே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று பிள்ளைகள் நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விடுவார்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு கரைந்து குறையும். தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டுப் போத்தலில் கொண்டுபோகிறோம், முடிந்த பிறகு செவ்விளநீர். விலை கூடிய பானம் எதுவும் தேவைப்படவில்லை.

பாம்பைப் பற்றியும் ஒரு சொல். வயலோரத்திலும் சருகிலும் கண்ணாடிப் புடையன் இருக்கும். கடித்தால் கட்டுப் போடுவதும் வெட்டுவதும் வேண்டாம், கடிபட்டவரை நடக்கவிடாமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சில இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் இல்லை, அதனால் வானையும் சாரதியையும் பயிற்சி முடியும் வரை அங்கேயே நிறுத்திவைக்கிறோம்.

வேறு மலைகள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன. தாந்தாமலை, சங்கமன்கண்டி, உகந்தை, அம்பாறைக்கு வடக்கே இராஜகல. ஆனால் முதல் மூன்றும் கோயில் மலைகள். இராஜகலயில் பழைய பௌத்தத் துறவிகளின் குகைகளும், மகிந்த தேரரின் பெயரைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. அங்கே மணிக்கூட்டை அழுத்திக்கொண்டு வியர்த்து ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செருப்பைக் கழற்றி நடக்க வேண்டிய இடங்கள் அவை. அதேநேரம் உகந்தையிலிருந்து குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரிகர்களிடம் நாம் கேட்டுப் படிக்க நிறைய இருக்கிறது. அறுபது வயது தாண்டிய அம்மாமார் தலையில் பொதியோடு, வெறுங்காலோடு, மணலும் கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் நாட்கணக்கில் நடக்கிறார்கள். நன்றாக விடிந்த பிறகு கூட்டமாகப் புறப்படுவது, உச்சி வெய்யிலில் மரநிழலில் படுப்பது, தண்ணீர் இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணித் தங்குவது, ஒருவரும் பின்னுக்குத் தனியே விடப்படாமல் பார்ப்பது, எல்லாம் அவர்களுக்குப் பழக்கத்தில் வந்த அறிவு. எங்கள் குழுவின் விதிகளில் பாதி, வருடா வருடம் நடக்கிற என் பெரியம்மாவிடமிருந்து வந்தவை.

மாரி தொடங்கி நவம்பரில் ஆறு பெருகினால் கிரான் பாதை தண்ணீருக்குள் போய்விடும், அந்தப் பக்கத்து மக்களே தோணியில்தான் போய்வருவார்கள். தை கழிந்து வெள்ளம் வற்றும் வரை எங்களுக்குக் குளக்கட்டும் கடற்கரையும்தான். அதுவும் கட்டு காய்ந்திருக்கிற நாளில் மட்டும். காலில் வெட்டுக்காயத்தோடு தேங்கிய வயல் தண்ணீருக்குள் யாரையும் இறங்கவிடுவதில்லை, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். பெப்ரவரி முடிவில் பாதை காய்ந்ததும் முதல் பயணம். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு அன்றைக்கு இறக்கம் மூன்று தடவை மட்டும், அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பதில்லை. மூன்று வாரம் கழித்து ஆறு.